வீட்டு அலமாரிக்குள் அழிந்துகொண்டிருக்கும் வரலாறு

தமிழர் பண்பாட்டு மரபைப் பாதுகாத்தல் என்ற பேச்சு எழுந்தவுடன் புலம்பெயர் தேசங்களின் மேடைகளில் ஓலைச்சுவடியும் கல்வெட்டும் கோயிற் சிற்பமுமே முன்னே வந்து நிற்கின்றன. அவை போற்றப்படவேண்டியவை என்பதில் ஐயமில்லை. எனினும் இன்று மிக விரைவாக அழிந்துகொண்டிருப்பவை வேறு. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் சிட்னியிலும் உள்ள தமிழ் வீடுகளின் நிலவறைகளிலும் அலமாரிகளின் மேற்தட்டுகளிலும், சப்பாத்துப் பெட்டிகளுக்குள் அடைபட்டுக் கிடக்கும் ஒலிநாடாக்கள், ஒளிநாடாக்கள், நீலநிற ஏரோகிராம் கடிதங்கள், பெயரெழுதப்படாத புகைப்படங்கள் ஆகியனவே அவை.

1980களிலும் 1990களிலும் புலம்பெயர்ந்தோருக்குத் தொலைபேசி அழைப்பு என்பது பெருஞ்செலவு. வடக்கில் தொலைபேசித் தொடர்பே இல்லாதிருந்த ஆண்டுகளும் உண்டு. அக்காலத்தில் பல தாய்மார் தம் குரலை ஒலிநாடாவில் பதிந்து, கொழும்பு வழியாக வெளிநாடு செல்பவர் எவர் கையிலாவது கொடுத்தனுப்பினர். ஊர்க்கோயில் கொடியேற்றம், மாமி வீட்டுக் கல்யாணம், அயலில் விழுந்த குண்டு, புதிதாகப் பிறந்த கன்று என யாவும் அறுபது நிமிடத்துக்குள் அடங்கின. பின்னணியில் காகம் கரைவதும் கிணற்றில் துலா முனகுவதும் கேட்கும். எந்த நூலிலும் அச்சேறாத, எந்தப் பல்கலைக்கழகமும் சேகரிக்காத மொழி அது. அதைக் கேட்டு அழுத மகனுக்கு இன்று அறுபது வயது. ஒலிநாடா எங்கோ இருக்கிறது. அதை ஒலிக்கச்செய்யும் கருவிதான் வீட்டில் இல்லை.

இவையெல்லாம் பண்பாட்டு மரபா, வெறும் குடும்பச் சங்கதிகள்தாமே என்று கேட்போர் உளர். புதுச்சேரியில் துபாஷியாகப் பணியாற்றிய ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவைத்த நாட்குறிப்பும் ஒரு தனிமனிதரின் வீட்டுக் குறிப்பேடுதான். கப்பல் வந்தது, விலை ஏறியது, துரை கோபித்தார், சகுனம் சரியில்லை என்று அவர் எழுதியவை இன்று பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரலாற்றுக்கு இன்றியமையாத சான்றுகள். தாம் வரலாறு எழுதுவதாக எண்ணி எழுதுபவர் சிலரே. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு சமூகம் தன் மண்ணிலிருந்து பெயர்ந்து உலகெங்கும் சிதறிய கதையை நாளை எழுதப்போகிறவர், அரசுகளின் அகதி விண்ணப்பக் கோப்புகளை மட்டுமே நம்பியிருக்க நேர்ந்தால் அக்கதை எவ்வளவு குறையுடையதாக இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஒரேயொரு படி மட்டும் உள்ள ஆவணத்துக்கு என்ன நேரும் என்பதை ஈழத்தமிழருக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 1981 மே 31 இரவிலும் அதைத் தொடர்ந்தும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. பன்மொழியறிஞரான தாவீது அடிகளார் அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் நீத்தார். கட்டடம் மீண்டும் எழுந்தது. 2003 இல் நூலகம் திறக்கப்பட்டது. அச்சிட்ட நூல்களில் பலவற்றின் மறுபடிகள் வேறிடங்களிலிருந்து கிடைத்தன. மீளவே கிடைக்காதவை, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் பழைய இதழ்களும் தனிப்பட்டோர் மனமுவந்து கொடுத்த சேகரங்களுமே. அந்த இழப்பை ஆண்டுதோறும் நினைவுகூர்கின்ற வீடுகளிலேயே, ஒரேயொரு படி மட்டுமே உள்ள ஆவணங்கள் எவ்விதப் பிரதியுமின்றிக் கிடக்கின்றன. இங்கே எவரும் தீ வைக்கவேண்டியதில்லை. ஈரக்காற்றும் மறதியுமே போதும். வீடு மாறும்போது அவசரமாகக் குப்பையில் எறியும் பிள்ளைகளும் உண்டு.

பனையோலை நிலையான பொருளன்று. செல்லும் கரையானும் அரித்து, சில தலைமுறைகளில் அது இற்றுப்போகும். அப்படியிருந்தும் சங்கப் பாடல்கள் இரண்டாயிரம் ஆண்டு கடந்து வந்தமைக்குக் காரணம், ஓயாது படியெடுத்துக்கொண்டே இருந்ததுதான். பழுதடைந்த ஏட்டைப் புதிய ஏட்டில் எழுதிக்கொண்டு பழையதை ஆற்றில் விடுவது வழக்கமாக இருந்தது. பிற்காலத்தில் படியெடுக்கும் பணி நின்றுபோக, ஆற்றில் விடும் சடங்கு மட்டும் எஞ்சியது. அந்த இடைவெளியிலேதான் எண்ணற்ற நூல்கள் மறைந்தன. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் தமிழகத்தின் உ. வே. சாமிநாதையரும் ஊரூராக அலைந்து எஞ்சியவற்றை மீட்டனர். கலித்தொகையும் சீவகசிந்தாமணியும் 1887 என்ற ஒரே ஆண்டில் அச்சேறின. அவர்கள் இருபது ஆண்டு பிந்தியிருந்தால் அச்சேற்ற எவை எஞ்சியிருக்கும் என்பது கேள்விக்குறியே.

கணினி யுகத்தில் இப்பணியை முதலில் கையிலெடுத்தவர்களும் பெரும்பாலும் சம்பளமின்றி உழைத்த தன்னார்வலரே. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியாலும் உலகெங்கும் உள்ள தமிழர் தத்தம் வீட்டிலிருந்து தட்டச்சுச் செய்து அனுப்பியதாலும் வளர்ந்தது. ஒருவர் ஒரு நாட்டிலிருந்து தட்டச்சுச் செய்ய, இன்னொருவர் மற்றொரு நாட்டில் பிழைதிருத்தினார். 2005 இல் இளைஞர் சிலரால் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் இன்று இலங்கைத் தமிழரின் நூல்கள், பத்திரிகைகள், சிற்றிதழ்கள், நினைவு மலர்கள் என ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களைக் கட்டணமின்றி வாசிக்கத் தருகின்றது. நோர்வேயின் சுவடுகள், ஜேர்மனியின் தூண்டில், பிரான்சின் எக்ஸில் போன்ற புலம்பெயர் இதழ்கள், வெளிவந்த காலத்தில் மிகச் சிறிய வட்டத்துக்குள்ளேயே உலவியவை. அத்தகைய இதழ்களின் பிரதிகளை எவரோ வீட்டில் பேணி வைத்திருந்ததும், மற்றொருவர் அவற்றை மின்வருடியில் இட்டதுமே அவை எஞ்சுவதற்கு வழி.

ஆனால் இத்தகைய நிறுவனங்கள் தம்மிடம் வந்து சேர்வதையே பாதுகாக்க முடியும். ஓர் அச்சு நூலின் வேறொரு படியை எங்காவது தேடிப் பிடிக்கலாம். அப்பம்மாவின் குரல் பதிந்த ஒலிநாடாவுக்கு இன்னொரு படி உலகில் எங்கும் இல்லை.

கணினியில் ஏற்றிவிட்டால் நிலைத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. தகவல் தொழில்நுட்பத் துறையில் பணியாற்றுவோருக்கு அந்த நம்பிக்கை அச்சத்தையே தருகின்றது. இதற்கு மிக நல்ல சான்று வெளியே எங்கும் தேடவேண்டியதில்லை. பாமினி எழுத்துருவே போதும்.

1990களிலும் அடுத்த பத்தாண்டிலும் புலம்பெயர் தமிழரின் மலர்கள், அழைப்பிதழ்கள், தமிழ்ப்பள்ளிப் பாடநூல்கள், கோயில் விழா வெளியீடுகள் என்பவற்றில் பெரும்பகுதி பாமினியிலேயே தட்டச்சுச் செய்யப்பட்டன. அவ்வெழுத்துருவில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது, கணினியின் நினைவகத்தில் தமிழாக இருப்பதில்லை. ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே அது சேமிக்கப்படுகின்றது. எழுத்துரு நிறுவப்பட்டிருக்கும்வரை தமிழ். எழுத்துரு இல்லாவிடில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். தேடுபொறியால் அதனைக் கண்டுபிடிக்க இயலாது. பார்வையற்றோருக்கான வாசிப்பு மென்பொருளால் அதனை வாசிக்கவும் இயலாது. இத்துடன் திஸ்கி, தாப், தாம் என்ற குறியேற்றங்களும் ஒவ்வொரு நாளிதழுக்கும் தனித்தனி எழுத்துருவும் இருந்தன. ஒருங்குறியில் தமிழுக்கு 1991 இலேயே இடம் கிடைத்துவிட்டது. எனினும் அது வீட்டுக் கணினிகளில் இயல்பாக வழங்கத் தொடங்க மேலும் பல ஆண்டுகள் சென்றன. தமிழக அரசு அதனை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010 இல். இடைப்பட்ட காலத்து உழைப்பில் எவ்வளவு இன்று வாசிக்கக்கூடியதாக உள்ளது?

அந்தியேட்டி நாளில் வெளியிடப்படும் நினைவு மலரை எடுத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்தார் பலர் அதனை இன்றும் 'கல்வெட்டு' என்றே அழைக்கின்றனர். பொருத்தமான பெயர்தான், ஆனால் கல்லின் ஆயுள் அதற்கில்லை. மறைந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, ஊரின் வரலாறு, தேவார திருவாசகம் எனப் பலவும் அடங்கிய அம்மலர்களைப் போன்ற சமூக வரலாற்று மூலம் பிற சமூகங்களில் அரிதாகவே கிடைக்கும். அவற்றில் பல, பேஜ்மேக்கர் மென்பொருளில் பாமினியில் வடிவமைக்கப்பட்டு, நெகிழ்வட்டிலோ இறுவட்டிலோ சேமிக்கப்பட்டன. பேஜ்மேக்கர் 2001 இல் வெளிவந்த ஏழாம் பதிப்புடன் நின்றுபோயிற்று. நெகிழ்வட்டை வாசிக்கும் துவாரம் இன்றைய கணினிகளில் இல்லை. அச்சிட்ட தாள் பிழைத்திருக்கிறது. அதன் எண்ணிம மூலம் இறந்துவிட்டது. பழைய கணினியோ வட்டோ இன்னும் வீட்டில் இருப்பின் அக்கோப்புகளை இப்போதே வெளியே எடுத்து, ஒருங்குறிக்கு மாற்றி வைக்கவேண்டும். பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் இலவசக் கருவிகள் பல உள்ளன. மாற்றியபின் ஒரு முறை கண்ணால் வாசித்துச் சரிபார்ப்பது மட்டுமே மனிதர் செய்யவேண்டிய வேலை.

பிறர் இடத்தில் குடியிருந்தவற்றின் கதியும் இதுவே. ஜியோசிற்றீஸ் தளத்தில் இலவசமாகக் கட்டப்பட்டிருந்த தனிமனிதப் பக்கங்கள், தமிழரின் ஊர்ப்பக்கங்கள் உட்பட, 2009 ஒக்டோபரில் நிறுத்தப்பட்டன. யாகூ குழுமங்களில் நிகழ்ந்த தமிழ்க் கணிமை, இலக்கிய விவாதங்கள் 2020 இறுதிக்குள் இணையத்திலிருந்து மறைந்தன. 2023 டிசம்பர் முதல், இரண்டு ஆண்டு பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையைக் கூகிள் கொண்டுவந்துள்ளது. தந்தை மறைந்தபின் அவரது கடவுச்சொல்லை எவரும் அறியாவிடில், அவர் பத்திரமாக ஏற்றிவைத்த இரண்டாயிரம் படங்களும் அவரோடு செல்லும். பெரிய நிறுவனங்கள் மட்டும் இதற்கு விலக்கா? அழியும் நிலையிலுள்ள ஆவணங்களை 2004 முதல் உலகெங்கும் எண்ணிமப்படுத்த உதவிவரும் பிரித்தானிய நூலகம், 2023 ஒக்டோபரில் இணையத் தாக்குதலுக்குள்ளாகி அதன் எண்ணிமச் சேவைகள் பல மாதங்கள் முடங்கின. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் தாக்கப்பட்டுச் சில நாள் செயலிழந்தது. எனவே எவ்விடத்திலாயினும் ஒரேயொரு படி போதாது. மூன்று படிகள், இரண்டு வகையான சேமிப்புக் கருவிகளில், அவற்றுள் ஒன்று வேறொரு வீட்டிலோ வேறொரு நாட்டிலோ என்பது துறைசார்ந்தோர் பின்பற்றும் எளிய விதி. உறவினர் நான்கு நாடுகளில் பரந்திருப்பது, வேறெதற்கு உதவாவிடினும் இதற்கு உதவும்.

ஒலிநாடாக்களே முதலில் கவனிக்கப்படவேண்டியவை. மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின்மீது காந்தத் துகள்களை ஒருவகைப் பசை பிடித்துவைத்திருக்கிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல அப்பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இளகி, துகள்கள் உதிரத் தொடங்கும். ஈரம் தங்கும் நிலவறை இதற்கு மிக மோசமான இடம். முப்பது நாற்பது ஆண்டுப் பழைய நாடா இன்று ஒலித்தால் அது அதிர்ஷ்டமே. ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் சிறிது தேயும் என்பதால், கேட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு முறையும் பதிவதற்கென்று ஒரு முறையும் ஓட்டாமல், முதல் முறையிலேயே கணினியில் பதிந்துகொள்வது நன்று. பூஞ்சணம் பிடித்த நாடாவை வீட்டுக் கருவியில் இடவே கூடாது. அதனை அனுபவமுள்ளோரிடம் ஒப்படைக்கவேண்டும். பதிவை எம்பி3 ஆகச் சுருக்காமல் வேவ் வடிவத்தில் வைத்திருக்கவேண்டும். உயர்தரத்தில் ஒரு மணிநேரப் பதிவு ஏறத்தாழ 2 ஜிகாபைட் இடம் பிடிக்கும். இன்றைய சேமிப்புக் கருவிகளுக்கு அது பொருட்டேயன்று. வீடியோ நாடாக்களின் நிலை இன்னும் இக்கட்டானது. வீ.எச்.எஸ். கருவியைத் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமும் 2016 இல் அதனை நிறுத்திவிட்டது. பழைய பொருட்கடைகளில் கிடைப்பவை மட்டுமே மீதி, அவையும் ஆண்டுக்காண்டு பழுதாகின்றன.

புகைப்படங்களைக் கைத்தொலைபேசியால் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பகிர்ந்துவிட்டு, பாதுகாத்துவிட்டதாக எண்ணுவது இன்று பரவலான பழக்கம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த திகதி முதலிய விவரங்களும் போய்விடும். உறவினருக்குக் காட்டுவதற்கு அது போதும். பாதுகாப்பதற்கு மின்வருடி வேண்டும். அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் வருடினால், நான்குக்கு ஆறு அங்குலப் படமொன்று சுமார் 26 மெகாபைட் ஆகும். ஆயிரம் படங்கள் ஒரு சிறு விரலியில் அடங்கும். படத்தின் பின்புறத்தையும் வருடவேண்டும். ஸ்ரூடியோவின் முத்திரையும் பென்சிலால் எழுதிய திகதியும் அங்கேதான் இருக்கும். பசைத்தாள் அல்பங்களில் ஒட்டிப்போன படங்களைப் பிய்த்தெடுக்காமல் பக்கத்தோடு வருடுவதே புத்திசாலித்தனம். வருடியபின் மூலப்படத்தை எறிந்துவிடுவோரும் உளர். அதைப்போன்ற அறியாமை வேறில்லை.

அண்மைக்காலத்தில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துள்ளது. மங்கிய பழைய படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்துத் 'தெளிவாக்கி', அம்முகத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகின்றனர். மங்கலில் தொலைந்துபோன கண்ணையும் மூக்கையும் அச்செயலி எங்கிருந்தும் மீட்பதில்லை. பிற முகங்களைக் கொண்டு தானே ஊகித்து வரைகின்றது. சுவரில் இருப்பவர் தாத்தாவைப் போன்ற எவரோ ஒருவர். அலங்காரத்துக்கு அதனைச் செய்வோர் செய்யட்டும். மாற்றப்படாத வருடலைத் தனியே வைத்திருக்கவேண்டும், எது எதுவெனக் கோப்பின் பெயரிலேயே குறிக்கவும் வேண்டும்.

இத்தனையும் செய்தபின்னும், படத்திலிருப்பவர் யார் என்று அறியாவிடில் எண்ணிமப்படுத்தலால் பயன் குறைவே. எந்திரத்தால் செய்ய இயலாத பகுதி இதுதான். 1962 ஆம் ஆண்டுக் கல்யாணப் படமொன்றில் முப்பது பேர் நிற்கின்றனர். அவர்களுள் இருபத்தைந்து பேரைப் பெயர் சொல்லக்கூடிய ஒரே ஒருவர் எண்பத்தாறு வயதில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். வருடியை அடுத்த ஆண்டும் வாங்கலாம். அவர் அடுத்த ஆண்டு இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. இருந்தாலும் நினைவு இருக்குமா என்பது வேறு கேள்வி. எனவே தொழில்நுட்பம் முழுமையாகக் கைவரட்டும் என்று காத்திராமல், அல்பத்தை மடியில் வைத்து, கைத்தொலைபேசியின் ஒலிப்பதிவை இயக்கிவிட்டு, ஒவ்வொரு படமாக விரல்வைத்துக் கேட்பதே முதல் வேலை. யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எடுத்தவர் யார், படத்துக்கு வெளியே நின்றவர் யார்? கடைசிக் கேள்விக்கே மிகச் சுவையான விடைகள் கிடைக்கும்.

இந்த இடத்தில் இளையோரின் பங்கு தொடங்குகின்றது. பல இளையோர் தமக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் பண்பாட்டுப் பணி தமக்கு உரியதன்று என்று ஒதுங்குகின்றனர். பெற்றோரும் அவ்வாறே கருதுகின்றனர். உண்மையில், ஒலியைத் தெளிவாகப் பதியவும், கோப்புகளை ஒழுங்குபடுத்தவும், பிரதி எடுத்துப் பகிரவும் வீட்டில் மிக வல்லவர் அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையே. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, கைத்தொலைபேசியை விமான நிலைக்கு மாற்றி, அம்மம்மாவுக்கு அருகே வைத்து, தொடக்கத்தில் திகதியையும் இடத்தையும் பேசுபவர் பெயரையும் சொல்லிப் பதிந்தால் போதும். கேள்வி கொச்சைத் தமிழில் இருந்தாலென்ன, ஆங்கிலமோ பிரெஞ்சோ கலந்திருந்தாலென்ன? விடை அம்மம்மாவின் தமிழில் வரும். அவர் மேடைத்தமிழில் பேசவேண்டும் என்று இடையில் திருத்துகின்ற அப்பாவைத்தான் அறைக்கு வெளியே அனுப்பவேண்டும்.

ஏனெனில் அழிவது அந்தப் பேச்சே. ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் வேறுபாடு என்ன, பினாட்டு எப்படிக் காயவைப்பது, நீற்றுப்பெட்டியில் பிட்டு அவிப்பதற்கு எவ்வளவு நேரம், கடகம் இழைக்க எந்த ஓலை என்பவற்றை அறிந்தோர் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றனர். கரையோரத்தில் வளர்ந்த பெரியவர் வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று காற்றைப் பெயர்சொல்லிப் பிரிப்பார். எந்தக் காற்றில் எந்த மீன் படும் என்பதும் அவருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தின் ஏச்சும் மட்டக்களப்பின் இழுவையும் மலையகத்தின் தனித்தன்மையும் தமிழகராதிகளில் பாதிதான் ஏறியுள்ளன. பேச்சை எழுத்தாக்கும் இன்றைய மென்பொருள்கள் தமிழக ஊடகத் தமிழை ஓரளவு விளங்கிக்கொள்கின்றன, யாழ்ப்பாணத்து முதியவரின் பேச்சில் தடுமாறுகின்றன. அவை கற்றுக்கொள்ள வேண்டுமாயின் அத்தகைய பேச்சின் பதிவுகளும் அவற்றின் சரியான எழுத்துவடிவமும் வேண்டும். அவற்றைத் தரக்கூடியவர் எண்பது வயதைக் கடந்தவர்கள்.

தமிழ்ப்பள்ளிகள் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். ஆண்டுதோறும் பேச்சுப்போட்டிகள் நடைபெறுகின்றன. தமிழின் தொன்மையைப் பற்றி ஆசிரியரோ தாயோ எழுதிக்கொடுத்த இரண்டு பக்கத்தை, பொருள் விளங்காமலே மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் பிள்ளைக்குக் கேடயம் கிடைக்கின்றது. அந்தப் போட்டிகளை நிறுத்தவேண்டியதில்லை. ஆனால் ஒன்பதாம், பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு, வீட்டு முதியவர் ஒருவரை இருபது நிமிடம் நேர்காணல் செய்து, அதில் ஐந்து நிமிடத்தைத் தமிழில் எழுதிக் கொண்டுவருவதைப் பயிற்சியாக வைக்கலாம். கேட்டெழுதும்போது பிள்ளை அறியாத இருபது சொற்களை அறியும். பள்ளிக்கு அறுபது பிள்ளைகள் என்றால் அறுபது பதிவுகள். இதற்குப் பாடநூலோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை.

ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இன்னும் கடுமையாகக் கேட்கப்படவேண்டியவை. இராப்போசன விருந்துக்கும் மண்டப அலங்காரத்துக்கும் ஆண்டுதோறும் செலவிடும் சங்கத்திடம், அது வெளியிட்ட முதல் மலரின் ஒரு படி இருக்கிறதா என்று விசாரித்தால், முன்னாள் செயலாளர் வீட்டில் இருக்கலாம் என்பதே பல வேளை விடையாகும். ஒரு நல்ல மின்வருடி, பழுதில்லாத ஓர் ஒலிநாடாக் கருவி, ஒரு வீடியோக் கருவி, இரண்டு வன்தட்டுகள் ஆகியவற்றைச் சங்கப் பொதுச் சொத்தாக வாங்கி, உறுப்பினர் வீடுகளுக்கு வாரமொன்றாகச் சுற்றவிடுவது ஒரு விருந்தின் செலவில் சிறு பகுதியில் முடியும். வீட்டுக்கு வீடு தனித்தனியே கருவி தேடி அலைவதைக் காட்டிலும் இது நடைமுறைக்கு உகந்தது. தமிழ்நாட்டின் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனியொருவர் பல்லாண்டுகளாகச் சேகரித்த பழைய நூல்களும் இதழ்களும் அறிவிப்புத் தாள்களும், அவரது மறைவுக்குப் பின் 1994 இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றன. ஒருவரால் அவ்வளவு முடிந்தது. சில நூறு உறுப்பினர் கொண்ட சங்கத்தால் தன் ஊரை ஆவணப்படுத்த முடியாது என்பது ஏற்கத்தக்கதன்று.

இவையனைத்தையும் உடனே இணையத்தில் பொதுவாக ஏற்றிவிடவேண்டும் என்பதும் இல்லை. போர்க்காலக் கடிதங்களில் பெயர்கள் உள்ளன, முகவரிகள் உள்ளன, எவர் எங்கே சென்றார் என்ற செய்திகள் உள்ளன. அவர்களுட் பலர் இன்றும் தாயகத்தில் வாழ்கின்றனர். அக்கடிதம் எழுதியவர் அதனைத் தன் மகனுக்கு எழுதினாரேயன்றி உலகுக்கு எழுதவில்லை. குடும்பச் சச்சரவும் நோயும் சீதனப் பேச்சும் உள்ள பதிவுகளும் அவ்வாறே. பாதுகாத்தல் வேறு, வெளியிடுதல் வேறு. முதலில் படியெடுத்துப் பத்திரப்படுத்துவது, பின்னர் சம்பந்தப்பட்டோரின் இசைவைக் கேட்பது, இசைவு கிடைக்காதவற்றைக் குறித்த காலம்வரை மூடிவைப்பது என்ற ஒழுங்கு ஆவணக்காப்பகங்கள் யாவற்றிலும் உண்டு. ஆவணம் ஒன்றை நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கும்போது எதனைத் திறந்து விடலாம், எதனை எத்தனை ஆண்டு மூடிவைக்கவேண்டும் என்பதை எழுத்தில் கொடுப்பது நன்று. அச்சிட்ட நூலாயின் பதிப்புரிமை உடையவரின் அனுமதி வேண்டும். இலங்கையில் ஆசிரியர் மறைந்தபின் 70 ஆண்டுகளும் இந்தியாவில் 60 ஆண்டுகளும் அவ்வுரிமை நீடிக்கும். எழுத்தாளரின் பிள்ளைகள் புலம்பெயர் நாடுகளில் இருக்கின்றனர். ஒரு மின்னஞ்சலில் அனுமதி தரக்கூடியவர்களும் எவரும் கேட்காததால் தராமல் இருக்கின்றனர்.

கோப்பின் பெயரும் சிறு விடயமன்று. கமெரா தானாக இடும் எண்ணோடு ஐயாயிரம் கோப்புகளை விட்டுச்செல்வது பெட்டியிலிருந்த குப்பையை வன்தட்டுக்கு மாற்றுவதே. ஆண்டு, ஊர், நிகழ்வு, முதன்மையானவரின் பெயர் என்ற ஒழுங்கில் பெயரிட்டு, அதே கோப்புறைக்குள் ஒருங்குறியில் எழுதிய ஒரு சாதாரண உரைக்கோப்பில் மீதி விவரங்களைப் பதியவேண்டும். விலையுயர்ந்த மென்பொருளுக்குள் விவரங்களைப் பூட்டிவைத்தால் அம்மென்பொருளோடு அவையும் போய்விடும், பேஜ்மேக்கரோடு போனதைப்போல. ஆண்டு உறுதியாகத் தெரியாவிடில் 'சுமார் 1975' என்று எழுதலாம். ஊகத்தை உண்மைபோல எழுதிவைப்பதே பெருங்கேடு.

இந்த வேலையை ஒரே மூச்சில் செய்ய முனைவோர் இரண்டாம் வாரத்தில் களைத்துவிடுவர். நத்தார் விடுமுறையிலோ கோடை விடுமுறையிலோ குடும்பம் கூடும் ஒரு வார இறுதியை ஒதுக்கி, முதலில் பெட்டிகளைத் திறந்து என்னென்ன உள்ளன என்று ஒரு பட்டியல் எழுதலாம். எத்தனை ஒலிநாடா, எத்தனை அல்பம், எவர் கடிதம், எந்த ஆண்டு என்ற ஒரு பக்கப் பட்டியல் போதும். அதற்குள் குடும்பத்தில் மிக மூத்தவரின் குரல் பதிவாகிவிடவேண்டும். ஒலிநாடாக்களை நிலவறையிலிருந்து உலர்ந்த அறைக்கு அன்றே மாற்றி, மேசைமேல் படுக்கவைக்காமல் புத்தகம்போல் நிமிர்த்தி அடுக்கவேண்டும். நாடாவின் உறையில் பென்சிலால் எழுதியிருப்பதைப் படமெடுத்துக்கொள்ளவும் வேண்டும். பலவற்றில் 'அம்மா, 89 தை' என்பதற்கு மேல் ஒன்றும் எழுதியிராது.